பதினான்கு பேருக்குப் பிறகு ஒரு பெயர்: 2011 டிராஃப்டுக்கு முன் கவாய் லெனர்டை எடைபோடுவது

2011 மார்ச் 24, வியாழக்கிழமை இரவு. கலிபோர்னியாவின் அனாஹைம் நகரில் ஹோண்டா சென்டர் அரங்கு. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் தேசியப் போட்டியில் பதினாறு அணிகள் மிச்சமிருந்த சுற்று. ஒரே தரையில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் கனெக்டிகட் அணி சான் டியாகோ ஸ்டேட்டை 74-67 என்று வென்றது. கெம்பா வாக்கர் தனியாளாக 36 புள்ளி எடுத்தார். அப்புறம் அரிசோனா, டியூக்கை 93-77 என்று சாய்த்தது. அரிசோனாவின் டெரிக் வில்லியம்ஸ் 32 புள்ளி, 13 ரீபவுண்ட் (கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). டியூக் பக்கம் காயத்திலிருந்து திரும்பியிருந்த கைரி இர்விங் 28 புள்ளி.

மூன்று மாதம் கழித்து, ஜூன் 23 அன்று, நூவர்க் நகரில், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் டிராஃப்ட் நடந்தது. முதல் பெயர் இர்விங். இரண்டாவது வில்லியம்ஸ். ஒன்பதாவது வாக்கர். அந்த அனாஹைம் இரவில் ஆடிய இன்னொருவரின் பெயர் பதினைந்தாவதாகத்தான் வந்தது. அவர் சான் டியாகோ ஸ்டேட்டின் ஃபார்வர்டு (முன்வரிசை வீரர்) கவாய் லெனர்ட்.

அவர் பிறகு என்ன ஆனார் என்பது கூடைப்பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். 22 வயதில் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது, 2015, 2016 இரண்டு ஆண்டும் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, 2019-இல் டொரான்டோவுக்கு முதல் கோப்பை. அதனால்தான் "பதினான்கு அணிகளுக்குக் கண் தெரியவில்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டு வினாத்தாளைத் திருத்துவது யாருக்கும் முடியும். 2011 ஜூன் மாதம் ஒரு ஸ்கவுட்டின், அதாவது அணிக்காக இளம் வீரர்களை எடைபோடுகிறவரின், மேசையில் என்னென்ன இருந்தன, அவற்றை வைத்து எவ்வளவு தூரம் சொல்லியிருக்க முடியும், எங்கே கை விரித்திருக்க வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி.

டிராஃப்ட் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கல்லூரியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் புது வீரர்களை என்பிஏ அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். இரண்டு சுற்று, அந்த ஆண்டு 60 பெயர்கள். அதிகம் தோற்ற அணிகளுக்குப் பெரும்பாலும் முன்வரிசை. ஒரு முறை சொன்ன பெயரைத் திரும்பப் பெற முடியாது.

ஒரே வயது, ஒரே ஊர்ப்பக்கம்

லெனர்டைத் தனியாக வைத்துப் பார்ப்பதைவிட வில்லியம்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. இருவரும் 1991-இல் ஒரு மாத இடைவெளியில் பிறந்தவர்கள். வில்லியம்ஸ் மே 25, லெனர்ட் ஜூன் 29. டிராஃப்ட் அன்று லெனர்டுக்கு இருபது வயது நிறைய இன்னும் ஆறு நாள் இருந்தது. இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றியுள்ள பகுதியில் வளர்ந்தவர்கள். இருவரும் கல்லூரியில் இரண்டு ஆண்டு ஆடிவிட்டு வெளியேறினார்கள். இருவர்மீதும் ஒரே சந்தேகம் இருந்தது: ரிங்குக்கு அடியில் ஆட உயரம் போதாது, வெளியே நின்று ஆட ஷாட்டும் டிரிபிளும் (பந்தைத் தட்டிக்கொண்டே நகர்வது) போதாது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்களோ என்று.

காகிதத்தில் பார்த்தால் வில்லியம்ஸ்தான் மேல். 2010-11 பருவத்தில் ஆட்டத்துக்கு 19.5 புள்ளி, 8.3 ரீபவுண்ட், பசிபிக்-10 பிரிவின் சிறந்த வீரர். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 74 முறை எறிந்து 42 போட்டார், 56.8 சதவீதம். லெனர்டுக்கு 15.5 புள்ளி, 10.6 ரீபவுண்ட். ஒட்டுமொத்த ஷாட் விழுந்த விகிதம் 44.4 சதவீதம்தான், ரிங்குக்கு அருகில் ஆடும் ஒரு ஃபார்வர்டுக்கு இது குறைவு. வெளியிலிருந்து முதல் ஆண்டில் 20.5 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 29.1.

இந்த இரண்டு வரிகளையும் மட்டும் ஒருவரிடம் நீட்டினால் யாரை எடுப்பார்? நானும் வில்லியம்ஸையே எடுத்திருப்பேன். ஆனால் ஒரு வீரரின் கோப்பு அந்த இரண்டு வரியோடு முடிந்துவிடுவதில்லை.

மூன்று புள்ளி பொய் சொல்லும், ஃப்ரீ த்ரோ அவ்வளவு சொல்லாது

74 ஷாட் என்பது மிகக் குறைவு. 38 ஆட்டத்தில் ஆட்டத்துக்கு இரண்டு. அதில் வெறும் பத்துப் பந்து ரிங்கில் பட்டு வெளியே தெறித்திருந்தால் 56.8 சதவீதம் 43 ஆகியிருக்கும். பத்துப் பந்து என்பது ஒரு பருவத்தில் காற்றும் அதிர்ஷ்டமும் பார்த்துக்கொள்ளும் கணக்கு. அதோடு கல்லூரிக் கோடு அப்போது 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது. என்பிஏவில் மூலைகளில் 22 அடி, மற்ற இடங்களில் 23 அடி 9 அங்குலம். மூன்று அடி தள்ளி நின்று எறிய வேண்டும். இன்னொன்று: வில்லியம்ஸ் கல்லூரியில் பெரிய ஆள்களுக்கு எதிரே ஆடினார். அவர்கள் வெளியே வரத் தயங்குவார்கள், வந்தாலும் மெதுவாக வருவார்கள். நிதானமாகக் கால் ஊன்றி எறியும் நேரம் கிடைத்தது. என்பிஏவில் அந்த நேரம் கிடைக்காது.

இதே மாதிரி, இரண்டு ஆண்டும் சேர்த்து லெனர்டுக்கு வந்த 25 சதவீதத்தையும் முழுதாக நம்பக் கூடாது. இரண்டு ஆண்டிலும் சேர்த்து ஆட்டத்துக்கு இரண்டு ஷாட் வீதம் எறிந்திருக்கிறார். அங்கேயும் கணக்கு சிறியதுதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் தனி எறிதல். 15 அடி, எதிரே யாரும் இல்லை, தூரம் மாறுவதில்லை, எண்ணிக்கையும் அதிகம். வில்லியம்ஸ் ஆட்டத்துக்கு எட்டுக்கு மேல் ஃப்ரீ த்ரோ எறிந்தவர். கையில் இயல்பான பதம் இருக்கிறதா என்பதை இதுதான் ஓரளவு காட்டும். வில்லியம்ஸின் அந்த ஆண்டு விகிதம் 74.6. லெனர்டுடையது 75.9, அதற்கு முந்தைய ஆண்டு 72.6.

இதைத் திரும்பப் படியுங்கள். ஒருவர் வெளியிலிருந்து 57 சதவீதம், இன்னொருவர் 29. ஆனால் யாரும் தடுக்காத கோட்டில் நின்றால் இருவரும் ஏறக்குறைய ஒன்று, லெனர்ட் ஒரு புள்ளி மேலே. 2011 ஜூனில் இருந்த அத்தனை தகவலிலும் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைப்பது இந்த ஒரு ஒப்பீடுதான். இருவரின் உண்மையான ஷாட்டும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கோ, ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிறது என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம். என்பிஏவில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து வில்லியம்ஸின் முதல் ஆண்டு விகிதம் 26.8. லெனர்டின் முதல் ஆண்டு விகிதம் 37.6.

அளவு நாடா சொன்னது

டிராஃப்டுக்கு முன் சிகாகோவில் வீரர்களை வரவழைத்து உயரம், கை, குதிப்பு எல்லாம் அளப்பார்கள். லெனர்டின் உயரம் ஷூ இல்லாமல் 6 அடி 6 அங்குலம். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை 7 அடி 3 அங்குலம். உயரத்தைவிட ஒன்பது அங்குலம் அதிகம். வில்லியம்ஸ் அவரைவிட ஓரிரு அங்குலம் உயரம், ஆனாலும் கைவிரிப்பில் லெனர்ட்தான் நீளம்.

அப்புறம் உள்ளங்கை. நீளம் 9.75 அங்குலம், விரித்தால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை 11.25 அங்குலம். ஒரு கூடைப்பந்தின் விட்டமே ஏறக்குறைய 9.4 அங்குலம்தான். மற்றவர்கள் இரண்டு கையால் பிடிக்க வேண்டிய பந்தை அவர் ஒரு கையால் பறித்துக்கொள்ள முடியும். எதிராளி டிரிபிள் செய்யும்போது விரல் நுனி பட்டாலே பந்து இவருடையது. ரீபவுண்டில் பத்துக் கைகள் எழும்பும் கூட்டத்தில் பந்தைத் தட்டிவிடாமல் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர் இவர். கல்லூரி ஆட்டங்களின் பதிவைப் பார்த்தால் இந்தக் கையின் வேலை ஒவ்வொரு ஆட்டத்திலும் தெரியும்.

குதிப்பில் அவர் பெரிய ஆளில்லை. ஓடி வந்து குதித்தால் 32 அங்குலம். என்பிஏ ஃபார்வர்டுகளில் இது சுமார். சில ஸ்கவுட்டுகள் இதைப் பெரிய குறையாக எடுத்தார்கள். என் பார்வையில் இது தலைகீழாகப் படிக்கப்பட்ட தகவல். 32 அங்குலம் மட்டுமே குதித்து, தன்னைவிடப் பெரிய ஆள்களுக்கு நடுவே ஆட்டத்துக்கு பத்தரை ரீபவுண்ட் எடுக்கிறார் என்றால், பந்து எங்கே விழும் என்று கண் முன்கூட்டியே பார்க்கிறது, கால் முன்கூட்டியே நகர்கிறது, கை மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. குதிப்பு வயதோடு குறையும். இடம் அறிகிற புத்தி குறையாது.

கல்லூரியிலிருந்து என்பிஏவுக்கு வரும்போது எந்தத் திறமை கூடவே வரும், எது வாசலிலேயே நின்றுவிடும் என்பது ஸ்கவுட்டுகளின் பழைய கேள்வி. புள்ளி எடுப்பது பாதி வழியில் உதிர்ந்துவிடும். கல்லூரியில் முப்பது புள்ளி எடுத்துவிட்டு என்பிஏவில் ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் ஏராளம். ரீபவுண்டும் ஸ்டீலும் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) பெரும்பாலும் கூடவே வரும். லெனர்டின் வலு இரண்டாவது வகையில் இருந்தது.

அந்த 44.4 சதவீதத்துக்குப் பின்னால்

சான் டியாகோ ஸ்டேட் அந்த ஆண்டு 34 வெற்றி, 3 தோல்வி. மூன்று தோல்வியில் இரண்டு ஜிம்மர் ஃபிரடெட் ஆடிய பிரிகம் யங் பல்கலைக்கழகத்திடம், ஒன்று அனாஹைமில். அந்தக் கல்லூரி தேசியப் போட்டியில் முதன்முதலாக ஒரு ஆட்டம் வென்றதே அந்த ஆண்டுதான். பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபிஷர்.

அந்த அணியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். லெனர்டோடு பில்லி வைட், மால்கம் தாமஸ் என்று இன்னும் இரண்டு பேர் ரிங்குப் பக்கம் ஆடினார்கள். மூன்று பேருமே வெளியிலிருந்து எறிகிறவர்கள் இல்லை. அதனால் எதிரணி உள்ளேயே குவிந்து நிற்கும். லெனர்ட் பந்தோடு உள்ளே போனால் எதிரே எப்போதும் இரண்டு மூன்று உடம்பு. பந்தைத் தானே கொண்டுபோய் ஒருவரைத் தாண்டி ஷாட் உருவாக்குவதும் அப்போது அவருக்குச் சரியாக வராது. இரண்டும் சேர்ந்ததுதான் 44.4.

இதில் எவ்வளவு அவருடைய குறை, எவ்வளவு அணியின் நெருக்கடி என்று பிரித்துச் சொல்ல முடியுமா? துல்லியமாக முடியாது. ஆனால் பாதியாவது நெருக்கடி என்று எடுத்துக்கொள்வது நியாயம். ஷாட் போடும் நான்கு பேரோடு நிறுத்தினால் இந்த எண் ஏறும் என்று எழுதி வைத்திருக்கலாம். பந்தை டிரிபிள் செய்து ஆட்டத்தைத் தானே நடத்துவார் என்று மட்டும் நான் எழுதியிருக்க மாட்டேன். அதற்கான அறிகுறி கல்லூரிப் பதிவுகளில் எனக்குத் தெரியவில்லை.

பேசாத பையன்

டிராஃப்டுக்கு முன் அணிகள் வீரர்களை உட்கார வைத்துப் பேசுவார்கள். லெனர்ட் அதிகம் பேசுகிறவரில்லை. கேட்டதற்கு ஒரு வரி, அதோடு சரி. இப்படிப்பட்ட பையனை எடைபோடுவது கடினம். உள்ளே நெருப்பு இருக்கிறதா, எதுவும் இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது.

2008 ஜனவரியில், லெனர்டுக்கு 16 வயதாக இருந்தபோது, காம்ப்டனில் கார் கழுவும் நிலையம் நடத்தி வந்த அவருடைய அப்பா அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் இரவு லெனர்ட் பள்ளி அணிக்காக ஆடினார். ஆட்டம் முடிந்தபிறகுதான் அழுதார். இந்த நிகழ்வை எடுத்து "எப்பேர்ப்பட்ட மன உறுதி" என்று ஸ்கவுட்டிங் அறிக்கையில் ஒரு வரி சேர்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஒரு பையனின் துக்கத்தை மதிப்பெண்ணாக மாற்ற நமக்கு உரிமை இல்லை. அது அவர் விளையாட்டைப் பற்றி நமக்கு எதையும் நிரூபிக்கவும் இல்லை.

எடுத்துக்கொள்ளக்கூடியது வேறு. இரண்டு ஆண்டும் ஜிம்மே கதியென்று கிடந்தார் என்பது அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சொன்ன செய்தி. முதல் ஆண்டு 20.5 சதவீதம் எறிந்தவர் இரண்டாம் ஆண்டு 29.1 எறிந்தார். ஃப்ரீ த்ரோ விகிதம் மூன்று சதவீதப் புள்ளி ஏறியது. ரீபவுண்ட் 9.9-இலிருந்து 10.6. எந்த ஏற்றமும் பெரிதில்லை. ஆனால் எல்லாமே ஒரே திசையில் நகர்ந்தன. பத்தொன்பது வயதில் உழைப்பைப் பற்றி நம்பக்கூடிய சாட்சி இதுதான். நேர்காணலில் சொல்லும் வார்த்தை அல்ல.

பதினைந்தாவது இடத்தில் நடந்த பேரம்

பலர் அவரை முதல் பத்துக்குள் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. வில்லியம்ஸுக்குப் பிறகு எனஸ் கான்டர், டிரிஸ்டன் தாம்சன், யோனாஸ் வலன்சூனஸ், யான் வெசெலி, பிஸ்மாக் பியோம்போ என்று ஐந்து உயரமான ஆட்கள் வரிசையாகப் போனார்கள். அப்புறம் பிராண்டன் நைட், வாக்கர், ஃபிரடெட், கிளே தாம்சன், அலெக் பர்க்ஸ் என்று ஐந்து கார்டுகள், அதாவது வெளியே நின்று பந்தைக் கையாளும் வீரர்கள். பதின்மூன்றும் பதினான்கும் கன்சாஸ் கல்லூரியின் இரட்டையர்கள், மார்க்கீஃப் மாரிஸும் மார்கஸ் மாரிஸும். பதினைந்தில் இந்தியானா பேஸர்ஸ் லெனர்டின் பெயரைச் சொன்னது. ஆனால் எடுத்தது தனக்காக இல்லை. டேவிஸ் பெர்தான்ஸ், எராசெம் லோர்பெக் ஆகிய இருவரை என்பிஏவில் ஒப்பந்தம் செய்யும் உரிமையையும் சேர்த்து லெனர்டை சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஸ்பர்ஸின் கார்டு ஜார்ஜ் ஹில்லைப் பெற்றுக்கொண்டது.

இந்தியானாவை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். அவர்களிடம் அதே இடத்தில் டேனி கிரேஞ்சர் இருந்தார், முந்தைய ஆண்டு பத்தாவதாக எடுத்த பால் ஜார்ஜ் இருந்தார். கார்டு தேவைப்பட்டது. ஹில் இந்தியானாபொலிஸ்காரர். அவரோடு 2013, 2014 இரண்டு ஆண்டும் கிழக்குப் பிரிவின் இறுதித் தொடர்வரை போனார்கள்.

ஸ்பர்ஸின் பக்கம் இது இன்னும் கடினமான முடிவு. 2010-11-இல் 61 ஆட்டம் வென்ற அணி அது. பருவம் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃபின் முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து மெம்ஃபிஸிடம் 4-2 என்று தோற்று வெளியேறியது. அணியின் தூணான டிம் டங்கனுக்கு 35 வயது. இன்னொரு முக்கிய வீரர் மனு ஜினோபிலிக்கு 34 நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே நின்று பெரிய ஃபார்வர்டுகளைத் தடுக்க நீளமான இளைஞர் யாரும் இல்லை. ஹில்லோ பயிற்சியாளர் கிரெக் போப்பவிச்சின் செல்லப்பிள்ளை. ஸ்பர்ஸே 2008-இல் 26ஆவது இடத்தில் எடுத்து வளர்த்த ஆள். அவரைக் கொடுத்துவிட்டு மூன்று புள்ளி எறியத் தெரியாத ஒரு பையனை வாங்குகிறார்கள் என்றால், அந்தப் பையனிடம் எதை வாங்குகிறோம், எதை நாமே செய்துகொள்ளலாம் என்ற தெளிவு இருந்திருக்க வேண்டும்.

இந்த வழக்கின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 7 அடி 3 அங்குலக் கையை யாரும் கற்றுக்கொடுக்க முடியாது. பந்து விழும் இடத்தை மோப்பம் பிடிக்கிற புத்தியையும் இருபது வயதுக்கு மேல் ஊட்டுவது கடினம். ஷாட்டைக் கற்றுக்கொடுக்கலாம், கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால். ஸ்பர்ஸிடம் இருந்தார். 2005 முதல் அங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்த சிப் எங்கெலண்ட். ஸ்பர்ஸின் கார்டு டோனி பார்க்கரின் ஷாட்டைச் சீர்படுத்தியவர். ஆகவே ஒரு வீரரின் மதிப்பு எல்லா அணிக்கும் ஒன்றல்ல. அந்த மேசையில் லெனர்டின் விலை வேறு, ஷாட் பயிற்சியாளர் இல்லாத அணியின் மேசையில் விலை வேறு.

எங்கெலண்ட் ஷாட்டை உடைத்துப் புதிதாகக் கட்டவில்லை. லெனர்ட் பந்தைத் தலைக்கு மேலே மிகவும் பின்னால் கொண்டுபோய் அங்கிருந்து எறிந்தார். அதை முன்னால் கொண்டுவந்து, எறியும் இடத்தைத் தாழ்த்தினார். ஜூலை 1 அன்று, வீரர்களோடு சம்பள ஒப்பந்தம் முடியாததால், அணி உரிமையாளர்களின் கதவடைப்பு லீகில் தொடங்கியது. அணியின் பயிற்சியாளர்கள் வீரர்களோடு தொடர்புகொள்ளவே தடை. டிராஃப்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வாரத்தில் விதை போட்டார்கள். பிறகு ஐந்து மாதம் பையன் தனியாக எறிந்துகொண்டிருந்தான். டிசம்பர் 25 அன்று, 66 ஆட்டமாகச் சுருக்கப்பட்ட பருவம் தொடங்கியது. முடிவில் 37.6 சதவீதம். மார்ச் மாதமே அதே இடத்தில் ஆடிய ரிச்சர்ட் ஜெஃபர்சனை வேறு அணிக்கு அனுப்பிவிட்டு இடத்தை இவருக்குக் கொடுத்தார்கள்.

ஃப்ரீ த்ரோவும் ஏறிக்கொண்டே போனது. முதல் ஆண்டு 77.3, 2016-17-இல் 88.0. அந்த ஆண்டு ஆட்டத்துக்கு 25.5 புள்ளி.

இதே கணக்கு தோற்ற இடம்

இத்தோடு நிறுத்திவிட்டால் கதை மிகவும் அழகாக இருக்கும். அதனால்தான் நிறுத்த மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டு, 2012 டிராஃப்ட். கென்டக்கியின் ஃபார்வர்டு மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட். 6 அடி 7 அங்குலம், விரித்த கை 7 அடி. தேசியக் கோப்பை வென்ற அணியின் தடுப்பாட்டத் தூண். 11.9 புள்ளி, 7.4 ரீபவுண்ட். வெளியிலிருந்து 25.5 சதவீதம். ஃப்ரீ த்ரோ 74.5. லெனர்டின் கோப்பும் இதுவும் ஏறக்குறைய ஒரே அச்சு. வயதில் லெனர்டைவிட இளையவர். டிராஃப்ட் அன்று 18தான். நான் மேலே சொன்ன காரணங்கள் எல்லாம் அவருக்கும் பொருந்தும். சார்லட் பாப்கேட்ஸ் அவரை இரண்டாவது இடத்தில் எடுத்தது.

ஷாட் வரவில்லை. முதல் இரண்டு பருவத்திலும் சேர்த்து அவர் எறிந்த மூன்று புள்ளி ஷாட்டுகள் இருபதைக்கூடத் தொடவில்லை. பயிற்சியாளர் இல்லை என்றும் சொல்ல முடியாது. தன் காலத்தில் ஃப்ரீ த்ரோவில் 90 சதவீதத்துக்கு மேல் எறிந்த மார்க் பிரைஸ் இரண்டாம் ஆண்டில் அணிக்கு வந்து அவரோடு உழைத்தார். 2015 அக்டோபரில் தோளில் காயம் வேறு. தடுப்பாட்டக்காரராக மதிப்போடு ஆடினார், ஆனால் இரண்டாவது இடத்தில் எடுத்த அணி எதிர்பார்த்தது அதை அல்ல.

இந்த இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்து நிறைய நேரம் செலவழித்திருக்கிறேன். எண்களில் பிரித்துச் சொல்ல இரண்டே இடம் கிடைத்தது. லெனர்ட் சரியாக விழாதபோதும் ஆட்டத்துக்கு இரண்டு ஷாட் வெளியிலிருந்து எறிந்தார். கிட்-கில்கிறிஸ்ட் ஒன்றுக்குச் சற்று மேல்தான். எறியத் தயங்காதவர் திருத்த இடம் கொடுக்கிறார். இன்னொன்று ரீபவுண்ட்.

எண்ணுக்கு வெளியே, வீடியோவில், வித்தியாசம் பெரியது. லெனர்டின் பந்து புறப்படும் இடம் தவறு. ஆனால் போகிற பாதை நேர். முழங்கை ரிங்கைப் பார்த்தே இருந்தது. கிட்-கில்கிறிஸ்டின் முழங்கை வெளியே விலகி, பந்து உடம்புக்குக் குறுக்கே வளைந்து, நடுவில் ஒரு திக்கலோடு கை நிற்கும். ஒருவருக்கு வண்டியை எங்கிருந்து எடுப்பது என்று சொன்னால் போதும். இன்னொருவருக்கு அச்சையே மாற்ற வேண்டும். இந்த வித்தியாசம் முழு விளக்கம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த 75 சதவீத ஃப்ரீ த்ரோ மட்டும் போதாது என்பதை கிட்-கில்கிறிஸ்ட் எனக்குக் காட்டினார்.

அணியும் வேறு. 2011-12-இல் பாப்கேட்ஸ் 66 ஆட்டத்தில் 7 வென்ற அணி. 18 வயதுப் பையனின் தலையில் மீட்பர் கிரீடம் வைத்தார்கள். லெனர்டுக்கு டங்கன், பார்க்கர், ஜினோபிலியின் நிழல். முதல் மூன்று ஆண்டு அவர் மூலையில் நின்று கிடைத்ததை எறிந்து, எதிரணியின் சிறந்த ஆளைத் தடுத்தால் போதும்.

வில்லியம்ஸுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்மீது எனக்கு வருத்தம் உண்டு. மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அவரை எடுத்தபோது அங்கே ரிங்குப் பக்கம் ஆடும் பவர் ஃபார்வர்டாக கெவின் லவ், மற்ற ஃபார்வர்டு இடத்தில் மைக்கேல் பீஸ்லி. நிற்க இடமே இல்லாத வீட்டுக்கு ஒரு ஆளை அழைத்து வந்தார்கள். முதல் ஆண்டு 8.8 புள்ளி. 2013 நவம்பரில் சாக்ரமென்டோவுக்கு அனுப்பினார்கள். பிறகு நியூயார்க், மயாமி, கிளீவ்லண்ட், அப்புறம் ஐரோப்பா. கெட்ட வீரர் இல்லை. அனாஹைமில் டியூக்குக்கு எதிராக ஆடிய அந்த முதல் பாதியில் மட்டும் 25 புள்ளி எடுத்தவர். ஆனால் அவருடைய பலம் புள்ளி எடுப்பதில் இருந்தது, அந்தப் புள்ளிகள் நின்றது ஒரு சிறிய எண்ணின் மேல்.

2011 ஜூனில் நான் எழுதியிருக்க வேண்டிய அறிக்கை

முதல் இடத்தில் லெனர்டை வைத்திருக்க மாட்டேன். இர்விங் இர்விங்தான். ஐந்திலிருந்து எட்டுக்குள் வைத்திருப்பேன். எழுதியிருப்பது இதுதான்: முதல் நாளிலிருந்தே ரீபவுண்டும் தடுப்பாட்டமும் நிச்சயம். ஷாட் பயிற்சியாளர் உள்ள அணி என்றால் மூன்று ஆண்டில் மூலையிலிருந்து 35 சதவீதம் எறிவார் என்று நம்பலாம். பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஒரு நல்ல அணியின் தொடக்க ஐவரில் ஒருவர். ஷாட் வராவிட்டாலும் எட்டுப் பேருக்குள் ஒருவர்.

தானே பந்தைக் கொண்டுவந்து, பின்னால் சாய்ந்து எறிந்து, 25 புள்ளி எடுத்து, கோப்பை வாங்கித் தருவார் என்று எழுதியிருக்க மாட்டேன். அப்போது அதைச் சொன்னேன் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. 2014 இறுதித் தொடரில் மயாமிக்கு எதிராக மூன்றாம் ஆட்டத்தில் லெப்ரான் ஜேம்ஸைத் தடுத்துக்கொண்டே 29 புள்ளி எடுத்தபோதுகூட, அது ஒரு ஆட்டம் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஆட்டத்தில் 20 புள்ளி, 14 ரீபவுண்ட். அதற்கடுத்த ஆட்டத்தில் 22, 10. அப்போதுதான் கையில் இருந்த பழைய கோப்பை மூடி வைத்தேன்.

இப்போது ஒவ்வொரு ஜூனும் யாராவது ஒரு நீண்ட கை ஃபார்வர்டு வருகிறார். வெளியிலிருந்து 28 சதவீதம், ஃப்ரீ த்ரோ 75, "அடுத்த கவாய்" என்று பெயர். நான் செய்வது ஒன்றுதான். அவருடைய ஃப்ரீ த்ரோ வீடியோவைப் பக்கவாட்டிலிருந்து அல்ல, நேர் எதிரே ரிங்குப் பக்கத்திலிருந்து எடுத்ததைத் தேடுகிறேன். பந்து நெற்றியைத் தாண்டும் அந்த நொடியில் நிறுத்தி, முழங்கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன்.